செவர்ன் ஆத்துல ஒரு நாள் பார்பெல் பிடிக்கலாம் வாங்க (புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு)

இங்கிலாந்துல தூண்டில் பழகுறவங்க பெரும்பாலும் குளத்துலதான் ஆரம்பிப்பாங்க, தப்பே இல்ல, ஆனா செவர்ன் மாதிரி இழுப்பு இருக்கிற ஆத்துல பார்பெல் மாட்டுற சுகமே தனி. பார்பெல் நம்ம கெண்டை குடும்பம்தான், வாயோரம் நாலு மீசை, வேகமான தண்ணில தரையை ஒட்டியே மேயும். செவர்ன்ல முன்ன இது கிடையாது, 1956ல கென்னட் ஆத்துல இருந்து கொண்டுவந்து விட்டாங்க, இப்ப பியூட்லி, பிரிட்ஜ்நார்த்னு ஆத்தோர ஊருங்க பக்கம் இதுக்குன்னே ஆளுங்க வர்றாங்க.

முதல்ல ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் போட அனுமதி. 13 வயசுல இருந்து எல்லாருக்கும் வேணும், அரசாங்க வெப்சைட்ல ஒரு நாளைக்குக்கூட எடுக்கலாம். கரை எந்த கிளப்போடதோ அவங்க டே டிக்கெட் தனி. மார்ச் 15ல இருந்து ஜூன் 15 வரைக்கும் ஆத்துல பார்பெல் மாதிரி மீனுக்கெல்லாம் தூண்டில் போடக்கூடாது, அது முட்டை போடுற காலம்.

அடுத்து கிளம்புறதுக்கு முன்னாடி ஆத்து நீர்மட்டத்தை ஆன்லைன்ல பாருங்க. செவர்ன் வேல்ஸ் மலைல பிறக்குது, அங்க மழை கொட்டினா இங்க வெயில் அடிச்சாலும் தண்ணி ஏறும். மட்டம் ஏறிட்டே இருந்தா அன்னைக்குப் போகாதீங்க, கரை வழுக்கும்.

சாமான் பெருசா ஒண்ணும் வேணாம். 12 அடி பார்பெல் ராட் (தூண்டில் கம்பு), 10 இல்ல 12 பவுண்டு தாங்குற நரம்பு, 10ஆம் நம்பர் முள், 8 மில்லிமீட்டர் ஹாலிபட் பெல்லட் (இரையா போடுற தீவன உருண்டை), ஃபீடர் கூண்டு (உள்ள இரையை அடைச்சு ஆத்துக்குள்ள வீசுற எடை வச்ச சின்ன கூண்டு). பெல்லட்டை முள்ளுல குத்தக்கூடாது, முள்ளுக்குக் கீழ முடி மாதிரி தொங்குற சின்ன நரம்புல கோக்கணும், அப்பதான் முள்ளு வெளிய ஃப்ரீயா நிக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். இந்த ஆத்துல என்ன இரைங்கிறதைவிட இரை போட்ட இடத்துல நிக்குதாங்கிறதுதான் கேள்வி. வீசி ஃபீடர் தரையில உக்காந்ததும் நரம்பை உடனே டைட் பண்ணாதீங்க, இன்னும் கொஞ்சம் நரம்பு விடுங்க, தண்ணி அதை ஓட்டத்தோட கீழ வில்லு மாதிரி வளைக்கும், ராட் நுனியை நல்லா மேல தூக்கி ஸ்டாண்டுல வைங்க, தண்ணிக்குள்ள கிடக்கிற நரம்பு குறையக் குறைய இழுப்பும் குறையும். அப்பவும் ஃபீடர் உருண்டா அதோட எடையை அரை அவுன்ஸ் கூட்டுங்க. ரொம்பவும் கூட்டிடாதீங்க, மீன் தொட்டா நகர்ற அளவுதான் இருக்கணும், அப்படி நகர்ந்தா நுனி சட்டுனு தளரும், அதுவும் கொத்துதான். மத்தபடி பார்பெல் கொத்தினா சந்தேகமே வராது, ராடையே ஆத்துக்குள்ள இழுத்துட்டுப் போயிடும், அதனால ரீலை ஃப்ரீஸ்பூல்ல (மீன் இழுத்தா நரம்பு தடையில்லாம ஓடுற மாதிரி) போட்டு வைங்க.

ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வீசுங்க. ஆரம்பத்துல அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் கூண்டை நிரப்பிப் போட்டா இரை ஓட்டத்தோட ஒரே கோட்டுல கீழ போய், அங்க இருக்கிற மீனை ஓட்டத்துக்கு எதிரா மேல இழுத்துட்டு வரும்.

மாட்டுச்சுன்னா அவசரப்படாதீங்க. பார்பெல் கடைசி சொட்டு பலம் இருக்கிற வரைக்கும் போராடும், களைச்ச மீனை உடனே ஆத்துல திருப்பி விட்டா மல்லாந்து செத்துக்கூடப் போகலாம். கையை நனைச்சு, ஈரமான மேட் (மீனை வைக்கிற மெத்தை விரிப்பு) மேல வச்சு முள்ளை எடுத்துட்டு, வலைக்குள்ளயே மூஞ்சி ஓட்டத்துக்கு எதிரா இருக்கிற மாதிரி பிடிச்சிருங்க, செவுள் சீரா அசைஞ்சு அது தானா திமிரணும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. போட்டோவெல்லாம் பத்து செகண்டுக்குள்ள.

நல்லா கொத்துறது பொழுது சாயுற நேரம். ஹெட்லைட் எடுத்துக்கோங்க, உங்க டிக்கெட்ல ராத்திரி பிடிக்க அனுமதி இருக்கான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.