டென்வரில் பனிக்காலத் தோட்டம்: பூண்டு நடவும் தண்ணீரும்

டென்வர் பக்கம் பனிக்காலத்தில் செடிகள் பட்டுப்போனால் குளிரைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். பல நேரம் உண்மைக் காரணம் வேர் காய்ந்துபோனதுதான். மழை, பனி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 15 அங்குலம்தான். குளிர்கால மாதங்களில் அதிலும் சொற்பமே கிடைக்கும். 1,600 மீட்டர் உயரத்து வெயிலும் வறண்ட காற்றும் மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

பூண்டை அக்டோபருக்குள் நட்டுவிடுங்கள். நடுத்தண்டு கெட்டியாக இருக்கும் 'ஹார்ட்நெக்' வகைதான் இந்தக் குளிருக்கு ஏற்றது. நடும் அன்றைக்கே பற்களைப் பிரித்து, பெரியதாகப் பார்த்துத் தோலோடு எடுங்கள். நுனி மேலே இருக்கும்படி 2 அங்குல ஆழத்தில், 6 அங்குல இடைவெளியில் ஊன்றுங்கள். களிமண்ணாக இருந்தால் முன்னதாகவே மக்கிய உரம் கலந்துவிடுங்கள். அடுப்புச் சாம்பல் மட்டும் வேண்டாம். இங்கே மண் ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது.

நட்டதும் நன்றாகத் தண்ணீர் விட்டு, 4 முதல் 6 அங்குலம் வைக்கோல் பரப்புங்கள். மூடாக்கு இல்லாவிட்டால் மண் உறைந்து உறைந்து இளகும்போது பற்கள் மேலே தள்ளப்பட்டு, வேர் அறுந்து காய்ந்துவிடும். மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்று வைக்கோலை அள்ளிக்கொண்டு போகும் என்பதால் மேலே வலையோ சுள்ளியோ போட்டு வையுங்கள். இடையில் வெயிலடித்துப் பச்சை முளை எட்டிப் பார்த்தால் கவலை வேண்டாம், அது தாங்கும். அறுவடை ஜூலையில்.

மரங்களுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை, பனி மூடாத வறண்ட நாட்களில், மாதம் ஓரிரு முறை தண்ணீர் தேவை. வெப்பம் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாளில், மண் உறையாமல் இருந்தால் நண்பகலில் விடுங்கள். இரவு உறைவதற்குள் ஊறிவிடும். தரையிலிருந்து அரையடி உயரத்தில் அடிமரத்தை அளந்து, விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 10 கேலன் (38 லிட்டர்) கணக்கிடுங்கள். அடிமரத்தை ஒட்டி ஊற்றாமல், கிளை விரியும் பரப்பெங்கும் மெதுவாக விட்டால் ஓரடி ஆழம் நனையும். இந்த ஆண்டு நட்ட கன்றுகளையும், பனிக்காலத்திலும் இலைவழி நீர் இழக்கும் ஸ்ப்ரூஸ், பைன் மரங்களையும் முதலில் கவனியுங்கள். வேலை முடிந்ததும் ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிடுங்கள். மாட்டியே விட்டால் உள்ளே தேங்கும் தண்ணீர் உறைந்து, சுவருக்குள் குழாய் வெடிக்கும்.

மேப்பிள், லிண்டன் போன்ற மெல்லிய பட்டை மரங்களின் தென்மேற்குப் பக்கம் பகலில் சூடேறி, இரவில் சட்டென்று உறைந்து வெடிக்கும். இளமரமாக இருந்தால் நவம்பரில், கீழிருந்து முதல் கிளை வரை மரச்சுற்றுத் தாளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றுங்கள். ஏப்ரலில் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஈரமும் பூச்சியும் உள்ளே தங்கிப் பட்டையைக் கெடுக்கும்.