விமானப் பாகத்துக்கு உலோகம் எடுப்பதிலும் சோதிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் சிஎன்சி ஓட்டுகிற பலருக்கு விமானப் பாகம் என்றாலே அது பெங்களூர் வேலை. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்கள் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. பக்கத்துக் கடலூர்கூட அதில் இல்லை. ஆனால் ஜாப் ஒர்க்குக்கு வரைபடத்தில் முனையம் போட்டிருக்க வேண்டிய அவசியம் கிடையாது. ஒரு பிராக்கெட், ஒரு புஷ், நூறு பின் என்று ஆர்டர் எங்கிருந்தும் வரலாம். கல்லூரிப் பிள்ளைகளும் ட்ரோன் கட்டத் தொடங்கிவிட்டார்கள். இந்த இரு தரப்புக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் துறையில் பாடம் தெரியாததால் நடக்கும் தவறுகள் குறைவு. சோதித்துப் பார்த்தது ஒரு பொருளாகவும் கடைசியில் பறக்கப்போவது வேறொரு பொருளாகவும் ஆகிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பெயரும் வேதியியலும் ஒன்றாகவே இருக்கும். வெட்டிய திசையோ, மேற்பரப்போ, சுற்றியிருக்கும் காற்றோ மாறியிருக்கும்.

வலிமை எண்ணை மட்டும் பார்த்து எடுப்பது

அலுமினியத்தில் எது வலுவானது என்று மாணவரைக் கேட்டால் 7075-டி6 என்பார். சரியான பதில்தான். இழுவலிமை சுமார் 570 மெகாபாஸ்கல், எடையோ எஃகில் மூன்றில் ஒரு பங்கு. சிக்கல் அந்த 'டி6' என்ற டெம்பரில், அதாவது வெப்பப் பதப்படுத்திய நிலையில், இருக்கிறது. தொடர்ந்து இழுவிசையில் இருக்கும் டி6 தடிமன் பிளேட்டை உப்புக் காற்றில் விட்டால், வெளியில் பெரிய அரிப்பு எதுவும் தெரியாமலே உள்ளே விரிசல் ஓடும். தகைவு அரிப்பு விரிசல் என்பது இதைத்தான்.

இதில் திசைதான் முக்கியம். உருட்டிய பிளேட்டின் நீளவாக்கில் இழுத்தால் டி6 நன்றாகத் தாங்கும். தடிமன்வாக்கில் இழுத்தால் சுமார் 50 மெகாபாஸ்கல் தகைவே விரிசல் தொடங்கப் போதும். நம் கடற்கரைச் சவுக்குக் கட்டையைப் பிளப்பவர் கோடரியை எந்தப் பக்கம் போடுவாரோ, உப்பு உலோகத்தைப் பிளப்பதும் அதே பக்கம்தான், நாரின் ஓட்டத்தோடு. அதே 7075-ஐக் கூடுதலாகச் சூட்டில் வைத்து, அதாவது முதிரவைத்து, டி73 ஆக்கினால் வலிமை பத்து, பதினைந்து சதவீதம் குறையும். ஆனால் தடிமன்வாக்கில் தாங்கும் அளவு 300 மெகாபாஸ்கலை ஒட்டி ஏறிவிடும். வலிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆயுளில் நிறைய வாங்குகிற பேரம் இது. மொத்த பிளேட்டைக் குடைந்து பிராக்கெட் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, போல்ட் இறுகும்போது இழுவிசை எந்தத் திசையில் விழுகிறது என்பதை.

இதை ஒட்டியே இன்னொரு தவறு. டெம்பரைச் சரிபார்க்கிறேன் என்று ஹார்ட்னஸ் மட்டும் பார்ப்பது. முதிரவைக்கும்போது கடினத்தன்மை ஏறி, உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண் வரலாம். மின்கடத்துதிறன் அப்படிக் குழப்பாது, முதிர முதிர ஏறிக்கொண்டே போகும். தரச் செம்பை 100 சதவீதமாக வைக்கும் அளவில் டி6-க்கு 30.5 முதல் 36 சதவீதம், டி73-க்கு 38-க்கு மேல். இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மின்கடத்துதிறனைப் பார்க்கக் கையடக்க எடி கரன்ட் மீட்டர் போதும், துண்டை உடைக்கவும் வேண்டாம்.

கேட்லாக் எண்ணை டிசைன் எண்ணாக எடுத்துக்கொள்வது

இணையத்தில் கிடைக்கும் பண்பு அட்டவணை பெரும்பாலும் சராசரி மதிப்பு. சராசரி என்றால் ஏறக்குறைய பாதித் துண்டுகள் அதற்குக் கீழே. விமான வடிவமைப்பில் ஏ-அடிப்படை, பி-அடிப்படை என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். ஏ என்றால் 100-க்கு 99 துண்டுகளாவது அந்த மதிப்பைத் தாண்டும் என்பதை 95 சதவீத நம்பகத்தோடு சொல்வது. பி-யில் அது 100-க்கு 90. ஒரு பாகம் உடைந்தால் விமானமே போகும் என்ற இடத்தில் ஏ. சுமையைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் வேறு பாகம் இருந்தால் பி போதும். மூன்று துண்டை இழுத்துப் பார்த்து, சராசரி எடுத்து, அதையே அறிக்கையில் 'அனுமதிக்கத்தக்க தகைவு' என்று எழுதும் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

"இதுவும் அதுதான் சார்"

கடையில் கேட்டால் 6061 அலுமினியத்துக்கு எச்இ20, 6082-க்கு எச்இ30 என்று சொல்லிக் கொடுப்பார்கள். 4340 எஃகு கேட்டால் இஎன்24 வரும். வேதியியல் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஜிக், ஃபிக்ஸ்சருக்கு அது போதும். பறக்கும் பாகத்துக்குப் போதாது. ஒரே 4340-க்குள்ளேயே ஏஎம்எஸ் (விமானப் பொருள் தரநிலை) 6415 என்றால் சாதாரண உருக்கு, ஏஎம்எஸ் 6414 என்றால் வெற்றிடத்தில் மறுபடி உருக்கியது. கலவைச் சதவீதம் ஒன்றே, உள்ளே கிடக்கும் அழுக்கின் அளவு வேறு. சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் களைப்பு விரிசல் தொடங்குவது அந்த அழுக்கில்தான். கலவையைக் காட்டும் ஸ்பெக்ட்ரோ சோதனை போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்றே காட்டும்.

"சர்டிஃபிகேட் இருக்கே" என்பார்கள். காகிதம் வேண்டும்தான், ஆனால் காகிதம் மட்டும் போதாது என்பதற்கு நாசாவே சாட்சி. 2009-இல் ஓசிஓ, 2011-இல் குளோரி என்று இரண்டு செயற்கைக்கோள்களை டாரஸ் எக்ஸ்எல் ராக்கெட் சுற்றுப்பாதையில் சேர்க்கவில்லை, முனைக் கவசம் பிரியாததால். கவசத்தைப் பிரிக்கும் இணைப்பில் இருந்த அலுமினிய எக்ஸ்ட்ரூஷனை (அச்சு வழியே தள்ளி உருவாக்கியதை) அனுப்பிய சாபா நிறுவனத்தில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இழுவிசைச் சோதனை முடிவுகளைத் திருத்தி எழுதியிருந்தார்கள் என்று 2019-இல் வெளிவந்தது. எண்ணை மாற்றியது மட்டும் இல்லை. சோதனை எந்திரத்தை அனுமதித்ததைவிட வேகமாக ஓட்டியதும், மாதிரித் துண்டை விதிப்படி வெட்டாததும் குற்றச்சாட்டில் இருந்தன. அந்தக் கடைசி இரண்டும் ஏமாற்றும் எண்ணமே இல்லாத பட்டறையிலும் நடக்கக்கூடியவை, அவசரத்தில்.

ஆகவே ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண், கம்பி நெடுக இருக்கிறதா பாருங்கள். துண்டு போடும்போது நம்பர் அடித்த முனையைக் கடைசியாக வெட்டுங்கள், அல்லது வெட்டும் முன்பே ஒவ்வொரு துண்டிலும் அந்த நம்பரை ஏற்றுங்கள். மீந்த துண்டை அடுத்த ஆர்டருக்கு வைத்து, சாக்பீஸில் கிரேடு எழுதுவதைப் பழக்கமாக்க வேண்டாம். சாக்பீஸ் அழியும், துண்டு அங்கேயே கிடக்கும். சோதனையை என்ஏபிஎல் (சோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள கூடத்தில் கொடுத்தாலும், உங்களுக்கு வேண்டிய குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். கூடத்துக்கு அங்கீகாரம் இருப்பது ஒன்று, அந்தச் சோதனைக்கு இருப்பது வேறு.

சோதனையே பொய் சொல்வது

இந்தத் தலைப்பில் எத்தனை முறை படித்தாலும் அசர வைப்பது பிரிட்டன் கட்டிய ஜெட் பயணி விமானமான காமெட்டின் கதை. 1954 ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறின. ஒன்று சுமார் 1,290 முறை, மற்றொன்று சுமார் 900 முறை பறந்திருந்தது. தயாரித்தவர்கள் சோதிக்காமல் விடவில்லை. உடற்பகுதியின் ஒரு துண்டை அழுத்தம் ஏற்றி இறக்கி 16,000 முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் எப்படி வந்தது?

அந்தத் துண்டை முன்பே வலிமைச் சோதனைக்காக இயல்பான அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு ஏற்றிப் பார்த்திருந்தார்கள். அப்போது திறப்புகளின் மூலைகளில் உலோகம் கொஞ்சம் நிரந்தரமாக நீண்டுவிட்டது. அழுத்தத்தை இறக்கியதும் சுற்றியிருந்த உலோகம் அந்த மூலைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. அமுங்கிய இடத்தில் விரிசல் எளிதில் வாய் திறக்காது. அதாவது வலிமைச் சோதனை களைப்புச் சோதனைக்கு மருந்து போட்டுவிட்டது. பயணிகளோடு பறந்த விமானங்களுக்கு அந்த மருந்து கிடைக்கவில்லை. பிறகு பிரிட்டனின் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில், நிஜமாகப் பறந்த ஒரு காமெட்டையே தண்ணீர்த் தொட்டியில் இறக்கி அழுத்தம் ஏற்றி இறக்கினார்கள். பறந்ததும் தொட்டியில் செய்ததுமாக 3,057-இல் அது கிழிந்தது.

ஒரே மாதிரித் துண்டில் இரண்டு சோதனை செய்து காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் சின்ன வடிவங்கள் தினமும் நடக்கின்றன. களைப்புத் துண்டைக் கண்ணாடிபோல் பாலிஷ் போட்டுச் சோதிப்பது, பாகத்தையோ டூல் தடத்தோடு அனுப்புவது. சோதனைத் துண்டு அனோடைஸ் செய்யாதது, பாகம் அனோடைஸ் செய்தது. அனோடைஸ் மின்முறையில் வளர்க்கும் கடினமான ஆக்சைடு அடுக்கு களைப்பு ஆயுளைக் குறைக்கும். மின்பொறியால் வெட்டும் வயர்கட்டில் துண்டு வெட்டி, மேலே உருகி உறைந்த மெல்லிய படலத்தை எடுக்காமலே எந்திரத்தில் மாட்டுவது. மீள்மைக் குணகத்தை துண்டின் நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டர் இல்லாமல், எந்திரத்தின் இழுக்கும் தலையான கிராஸ்ஹெட்டின் நகர்விலிருந்து கணக்கிடுவது. அதில் எந்திரத்தின் நெகிழ்வும் சேர்ந்து வரும், எண் குறைவாகக் காட்டும்.

பற்றவைப்புத் துறையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்குத் தூரம் போக வேண்டிய வேலை இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பொருள் இணைப்பு ஆராய்ச்சி மையம், உலோகத்தை உருக்காமல் உராய்வில் கலந்து இணைக்கும் உராய்வுக் கலக்கு பற்றவைப்பில் நெடுங்காலமாக வேலை செய்துவருகிறது. பற்றவைத்த இடத்தையும் அதன் பக்கத்தையும் தனித்தனியாகச் சோதிப்பது ஏன் என்பதை நேரில் பார்க்கலாம்.

உப்புத் தெளிப்பு மணிகளை ஆண்டுகளாக மாற்றுவது

"500 மணி நேரம் சால்ட் ஸ்ப்ரே தாங்கியது, அப்போ அஞ்சு வருஷம் வரும்" என்ற கணக்குக்கு அடிப்படையே கிடையாது. ஏஎஸ்டிஎம் பி117 என்ற உப்புத் தெளிப்புத் தரநிலையில் 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் ஓயாமல் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அதன் முடிவை மட்டும் வைத்து வெளியுலக ஆயுளைச் சொல்ல முடிவது அரிது என்று அந்தத் தரநிலையே எச்சரிக்கிறது. கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வீராம்பட்டினத்திலோ நடப்பது வேறு. பகலில் வெயில் காயவைக்கிறது, கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து படியவிடுகிறது, இரவில் ஈரம் அதைக் கரைக்கிறது. காய்ந்து நனைந்து காய்வதில்தான் மூட்டுகளின் இடுக்குகள் கெடும். பூச்சு ஒரு தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் மாறியிருக்கிறதா என்று ஒப்பிட பி117 நல்ல கருவி. ஆயுளுக்கு, நனைத்துக் காயவைக்கும் சுழற்சி முறைச் சோதனையும் மாதிரிகளைத் திறந்தவெளியில் மாட்டிவைக்கும் சட்டமும் வேண்டும். காரைக்குடியின் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடலோரச் சோதனை நிலையமே வைத்திருப்பது இதற்காகத்தான்.

கடற்காற்றில் ஓயாத குறும்பயணம் என்ன செய்யும் என்பதை ஹவாய் காட்டியது. 1988 ஏப்ரல் 28-இல் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் முன்பக்க மேல்கூரை பறக்கும்போதே பிய்ந்து போனது. தீவுக்குத் தீவு தாவித் தாவி 89,680 முறை பறந்த விமானம் அது. தகடு ஒட்டிய மூட்டில் பசை விட்டு ஈரம் புகுந்து, சுமை முழுக்க ரிவெட்டுகளின் தலையில் விழுந்து, பல துளைகளில் சின்னச் சின்ன விரிசல்கள் தொடங்கி ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. உலோகத்தை மட்டும் சோதித்தால் இது தெரிய வராது. மூட்டைச் சோதிக்க வேண்டும், பசையையும் ஈரத்தையும் சேர்த்து.

பிளேட்டிங் கடைக்கு அனுப்பிவிட்டு மறந்துபோவது

உயர்வலிமை எஃகு போல்ட்டை அமிலத்தில் கழுவி, கேட்மியமோ துத்தநாகமோ பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே நுழைகிறது. அன்றைக்கு எதுவும் ஆகாது. முறுக்கி இறுக்கிய சில மணி அல்லது சில நாள் கழித்துத் தலை தானாக விழும். பூசிய 4 மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரியில் பேக்கிங் தொடங்க வேண்டும். 23 மணி நேரம் வைப்பது விமானத் தரநிலைகளில் வழக்கம். இழுவிசைச் சோதனையை உடனே செய்து "பாஸ்" எழுதினால் இது பிடிபடாது, காரணம் ஹைட்ரஜன் விரிசல் முனைக்கு நகர நேரம் எடுக்கும். அதனால்தான் இதற்கான சோதனையில் வெட்டுத்தடம் போட்ட துண்டை, உடையும் சுமையில் 75 சதவீதம் ஏற்றி 200 மணி நேரம் தொங்கவிடுகிறார்கள். டைட்டானியத்தோடு கேட்மியம் பூசிய போல்ட்டைச் சேர்க்கவே கூடாது. கேட்மியம் டைட்டானியத்தையும் நொறுங்க வைக்கும்.

கார்பன் ஃபைபரை உலோகம்போல் நடத்துவது

பிசின் ஊறிய கார்பன் இழைத் துணியான ப்ரீப்ரெக்கை மைனஸ் 18 டிகிரியில் வைப்பார்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்தால், நம் ஊர் ஈரக்காற்று அதன்மேல் நீராகப் படிந்துவிடும், வேகவைக்கும்போது அது குமிழியாகும். அறை வெப்பத்துக்கு வரும்வரை பை மூடியே இருக்க வேண்டும். கரன்ட் போன நேரத்தையும் வெளியில் இருந்த மணிகளையும் குறித்து வையுங்கள், அந்தச் சுருளின் ஆயுள் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. எப்பாக்சி ஈரம் குடித்தபின் சூட்டில் இளகும். ஆகவே காய்ந்த துண்டைக் குளிர்சாதன அறையில் அமுக்கிப் பார்த்த எண்ணை நம்ப வேண்டாம். ஈரம் ஏற்றி, சூடாக்கி அமுக்குங்கள். கார்பன் தொடும் இடத்தில் வெறும் அலுமினியம் வைத்தால் அலுமினியம் கரையும். நடுவில் ஒரு அடுக்கு கண்ணாடி இழை போடுங்கள், திருகு டைட்டானியமாக இருக்கட்டும்.

பெனட்ரன்ட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் விரிசல் இல்லை என்று முடிவு கட்டுவது

1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10-இன் டைட்டானிய விசிறி வட்டு, உருக்கும்போதே உள்ளே தங்கிய நைட்ரஜன் குறையோடு பிறந்தது. விரிசலுக்குள் சாயத்தைப் புகவிட்டுக் காட்டும் பெனட்ரன்ட் சோதனை கடைசியாக நடந்தபோதே விரிசல் ஏறக்குறைய அரை அங்குலம் இருந்திருக்கும் என்று விசாரணை கணித்தது. அது கண்ணில் படவில்லை. இந்த முறையில் எவ்வளவு சின்ன விரிசல் தெரியும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, எவ்வளவு பெரியது தப்பிப் போகலாம் என்பதை.

பட்டறையில் அடிக்கடி பார்ப்பது வரிசைக் குழப்பம். ஷாட் பிளாஸ்ட் அடித்தாலும் எமரி தேய்த்தாலும் மென் உலோகம் நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும், சாயம் உள்ளே போகாது. முதலில் மெஷினிங், அடுத்து லேசான அமில எட்ச், நன்றாக உலர்த்திய பின் பெனட்ரன்ட், அது தேறினால் மட்டும் பீனிங் (சிறு குண்டுகளால் மேற்பரப்பை அடிப்பது), கடைசியில் அனோடைஸ். இந்த வரிசையை வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பாமல் ரூட் கார்டிலேயே எழுதுங்கள். வெளியில் கொடுக்கும் கடைக்கும் அதே கார்டின் நகல் பாகத்தோடு போகட்டும்.