சீலியாக் நூத்துல ஒரு பிள்ளைக்குன்னு சொல்றாங்களே, அந்த நம்பரை எப்படி படிக்கிறது

சீலியாக்னா கோதுமைல இருக்கிற குளூட்டன்ங்கிற புரதத்தால சிறுகுடல் பாதிக்கிற நோய். அதைப் பத்தி தேடினா ஒரு எடத்துல 0.5%ன்னு இருக்கும், இன்னொரு எடத்துல நூத்துக்கு ஒண்ணு, வேறெங்கயோ 3% கிட்ட. எல்லாமே சரியா இருக்க வாய்ப்பிருக்கு, ஏன்னா ஒவ்வொருத்தரும் எண்ணினது வேற வேற.

மொதல்ல எதை வச்சு எண்ணினாங்கன்னு பாருங்க. வெறும் ரத்தத்துல ஆன்ட்டிபாடி (இந்த நோய் இருந்தா உடம்பு உண்டாக்குற எதிர்ப்பு புரதம்) இருந்தாலே கணக்குல சேத்தாங்களா, இல்ல சிறுகுடல் பயாப்ஸி, அதாவது குடல்ல இருந்து சின்ன துண்டு எடுத்து பாக்குற டெஸ்ட் வரைக்கும் போனாங்களா? 2018ல உலகம் முழுக்க வந்த ஆய்வுகளை ஒண்ணா சேத்து பாத்தப்போ ரத்த டெஸ்ட்ல 1.4%, பயாப்ஸில 0.7%, அதாவது நேர் பாதி! அதுலயே பயாப்ஸி கணக்குல பிள்ளைங்க 0.9%, பெரியவங்க 0.5%, அதனால வயசையும் கவனிங்க.

அடுத்தது, டாக்டர்கிட்ட வந்தவங்களை மட்டும் எண்ணினாங்களா, இல்ல ஸ்கூல்ல எல்லா பிள்ளைக்கும் ரத்தம் எடுத்தாங்களா. எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமான கேள்வி. ஸ்வீடன்ல 1993ல பொறந்த பிள்ளைங்களை 12 வயசுல மொத்தமா ஸ்க்ரீன் பண்ணப்போ கிட்டத்தட்ட 3% பேருக்கு இருந்துச்சு, அதுல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு அதுவரைக்கும் இருக்குன்னே தெரியாது. சும்மா ஆஸ்பத்திரி ரெக்கார்டை மட்டும் பாத்திருந்தா நம்பர் எவ்ளோ கம்மியா வந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. 1997ல பொறந்தவங்கள்ல இது 2.2%, அதே நாடு, நாலே வருஷ வித்தியாசம், அதனால பொறந்த வருஷமும் முக்கியம்.

இப்போ நாட்டுக்கு நாடு ஒப்பிடலாம். மேற்கு சஹாராவை சேர்ந்த சஹ்ராவி மக்களோட பிள்ளைங்க கிட்ட 1999ல வந்த ஆய்வுல 5.6%, ரொம்ப பெரிய நம்பர், ஆனா அது ஆன்ட்டிபாடி கணக்கு, அதை கொண்டுபோய் இன்னொரு நாட்டோட பயாப்ஸி நம்பர் பக்கத்துல வச்சு பயப்படாதீங்க.

ஜீன்தான் காரணம்னு ஒரே வரில முடிக்கவும் முடியாது. சீலியாக் வர தேவையான டிக்யூ2, டிக்யூ8 ஜீன் ஜனத்தொகைல 30-40% பேருக்கு இருக்கு, அதுல கொஞ்ச பேருக்குத்தான் நோய் வருது. ஃபின்லாந்துல 107 பிள்ளைல ஒண்ணுக்குன்னா, பார்டருக்கு அந்த பக்கம் ரஷ்யாவோட கரேலியால 496ல ஒண்ணு, ஜீனும் கோதுமை சாப்பிடுறதும் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். சுத்துப்புறம், சின்ன வயசுல வர்ற கிருமிங்கன்னு சந்தேகப்படுறாங்க, முழு பதில் இன்னும் கிடைக்கல.

சரி, உங்க பிள்ளைக்கு இதுல எந்த நம்பர்? நாட்டு சராசரியை விட வீட்டு கதைதான் பெருசு. 2003ல வந்த அமெரிக்க ஆய்வுல சாதாரணமா 133 பேருக்கு ஒருத்தர், அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்கன்னு யாருக்காவது இருந்தா 22ல ஒருத்தர். டைப் 1 சுகர், டவுன் சிண்ட்ரோம் இருக்கிற பிள்ளைங்களுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி. வளர்த்தி நின்னுபோறது, இரும்புச்சத்து மாத்திரை குடுத்தும் ஏறாத ரத்தம், அடிக்கடி வயித்துப்போக்கு, ஏன் மலச்சிக்கல் இருந்தாலும் கூட டாக்டர்கிட்ட சீலியாக் ஆன்ட்டிபாடியை பாக்குற டிடிஜி ஐஜிஏங்கிற ரத்த டெஸ்ட் பத்தி கேளுங்க, கூடவே மொத்த ஐஜிஏவும் பாக்க சொல்லுங்க, ஏன்னா சில பிள்ளைங்களுக்கு ஐஜிஏங்கிற அந்த வகை ஆன்ட்டிபாடியே கம்மியா இருக்கும், அப்போ டெஸ்ட் நார்மல்னு ஏமாத்திரும்.

டெஸ்ட் முடியிற வரைக்கும் கோதுமையை நிறுத்திராதீங்க. பாவம் பிள்ளைக்கு ஒத்துக்கலையேன்னு முன்னாடியே நிறுத்திட்டா ஆன்ட்டிபாடி எறங்கிரும், அப்புறம் டெஸ்டுக்காகவே திரும்ப பல வாரம் சாப்பிட வைக்க வேண்டியிருக்கும்.