பால் குக்கரில் அடிப்பிடிக்காமல் சமைப்பது எப்படி?

சீர்வரிசையோடு வந்த பால் குக்கர் பல வீடுகளில் பரணில்தான் கிடக்கிறது. பால் காய்ச்சத் தனியாக ஒரு பாத்திரமா என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை கீழே இறக்குங்கள். அடிப்பிடிக்கிற சமையலுக்கு இதைவிட நம்பகமான பாத்திரம் இல்லை.

இதன் சுவர் இரட்டை. நடுவில் தண்ணீர் நிற்கும். தீ தண்ணீரைச் சுடும், தண்ணீர் பாலைச் சுடும். விசில் வழியே ஆவி வெளியேறிக்கொண்டே இருப்பதால் தண்ணீரின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றுவிடுகிறது. பால் கொதிக்க அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். அதனால் பொங்காது, தீயாது.

முதலில் விசிலைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு என்று குக்கரோடு வந்த தாளில் இருக்கும். விளிம்புவரை நிரப்ப வேண்டாம், ஆவிக்கு இடம் வேண்டும். விசிலின் துளை அடைத்திருக்கிறதா என்று வாயால் ஊதிப் பாருங்கள். இதை மட்டும் தவறவிடக் கூடாது. அப்புறம் விசிலைப் பொருத்தி, பாலை ஊற்றி, அடுப்பில் வையுங்கள். விசில் அடித்ததும் தீயைக் குறையுங்கள்.

தயிர் கெட்டியாக வேண்டுமா? விசில் வந்த பிறகும் சிறு தீயில் பத்து நிமிடம் விடுங்கள். பால் அந்தச் சூட்டிலேயே நிற்கும்போது அதில் கரைந்திருக்கும் மோர்ப்புரதம் (whey protein) உருமாறி, தயிர் நீர் விடாமல் உறையும். வெறும் பாத்திரத்தில் இதைச் செய்ய அடுப்படியிலேயே நின்று கிண்ட வேண்டும்.

பால் கைவந்துவிட்டதா, சரி, ராகிக் கஞ்சிக்கு வாருங்கள். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, அவ்வப்போது கிளறுங்கள். நிறம் கறுத்து, பளபளப்பு ஏறி, கரண்டியில் வழுக்கிக்கொண்டு விழுந்தால் வெந்துவிட்டது. நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்கு அடியில் ஒட்டாத பாத்திரம் எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

சாக்லேட் உருக்க விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். ஆவி அடங்கிய பிறகு துண்டுகளைப் போட்டுக் கிளறினால், மிச்சச் சூட்டிலேயே உருகும். உட்புறம் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் மணல் மணலாகத் திரிந்துவிடும்.

பால்கோவாவுக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். பால் கொதித்து வற்றினால்தான் கோவா, இதில் அது நடக்காது.

காய்ச்சிய பாலைக் கரண்டியால் மொள்ளுங்கள். சாய்த்து ஊற்றினால் விசில் வழியே வெந்நீர் கையில் கொட்டும். விசில் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியும் அடுப்பு எரிந்தால், தண்ணீர் வற்றியிருக்கும். உடனே அணைத்து, நன்றாக ஆறிய பிறகே மறுபடி ஊற்றுங்கள். தினமும் மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்து வடித்துவிடுங்கள். போர்வெல் தண்ணீர் என்றால் உள்ளே உப்புப் படியும். அவ்வப்போது எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஊற்றிச் சூடாக்கிக் கொட்டினால் போய்விடும்.