வில்லின் முதுகுப் பட்டை: மரம் வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மர வில்லின் முதுகில் பட்டை, அதாவது மெல்லிய நீளத் துண்டு, ஒட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ‘இருப்பதிலேயே கெட்டியான மரம் எது?’ என்றுதான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்த்த பக்கமான முதுகு இழுபடுகிறது; எய்பவரைப் பார்த்த பக்கமான வயிறு நசுங்குகிறது. முதுகுக்கு வேண்டியது முனை முதல் முனை வரை அறுபடாமல் ஓடும் இழை. கடினம் அதற்கு அடுத்ததுதான்.

அதனால்தான் தேக்கு ஏமாற்றிவிடும். கதவு, நிலைக்கு அதற்கு ஈடில்லை. மெல்லிய பட்டையாக்கி வளைத்தாலோ சொல்லாமல் முறியும்; அதிலுள்ள எண்ணெய் பசையையும் சரியாகப் பிடிக்கவிடாது. வேம்பில் இழை மாறி மாறிச் சாய்ந்து ஓடும். இழைப்புளி எந்தப் பக்கம் ஓடினாலும் பிசிறு கிளம்புவது அதனால்தான். ஹிக்கரி நல்ல மரம், ஆனால் அமெரிக்க மரம். அதைத் தேடி மதுரை மரக்கடைகளில் ஏறி இறங்குவது வீண் வேலை. தேர்ந்தெடுத்த மூங்கில் இழுவையில் அதற்குச் சளைத்ததல்ல.

மூங்கிலிலும் பலர் சறுக்குகிறார்கள். உள்ளே கெட்டியாக இருக்கிறதே என்று கல் மூங்கிலை வாங்குவார்கள். அதன் கழி ஒல்லி. 6 செ.மீ. விட்டமுள்ள கழியிலிருந்து 3 செ.மீ. அகலப் பட்டை எடுத்தால், கழியின் உருண்டையால் பட்டையின் நடு ஓரத்தைவிட 4 மி.மீ. மேடாக நிற்கும். உட்பக்கத்தைச் சமமாக இழைக்கும்போது நடு 3 மி.மீ.க்கு வருமுன்பே ஓரம் காணாமல் போய்விடும். 10 செ.மீ. விட்டமுள்ள முள் மூங்கிலில் அதே பட்டைக்கு மேடு சுமார் 2.3 மி.மீ.தான், நடுவில் 3 மி.மீ. சொச்சமும் ஓரத்தில் 1 மி.மீ.யும் நிற்கும். சவுக்கு, மூங்கில் விற்கும் கடையில் கேட்டால் பருத்த கழியின் அடிப்பகுதியை அறுத்துத் தருவார்கள். வெள்ளைப் பொடி படிந்த பச்சைக் கழி இளசு. 3 வருடமாவது முற்றியது வேண்டும். குண்டூசித் துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் வண்டு ஏறிவிட்டது, விட்டுவிடுங்கள். இழை நெருக்கமாக இருப்பது மேல்தோலை ஒட்டித்தான். பளபளக்கும் மெழுகை மட்டும் சுரண்டுங்கள். கணுவைத் தட்டையாக்கினால் இழை அறுந்து அங்கேயே முறியும்.

அடுத்த தவறு, முதுகை மட்டும் பார்த்து வயிற்றை மறப்பது. மூங்கிலின் வலு வயிற்று மரத்தை மிஞ்சிவிட்டால் வயிற்றில் குறுக்காக மயிரிழை போன்ற நசிவுக் கோடுகள் விழும். விழுந்தால் அந்த வில் அவ்வளவுதான். வயிற்றுக்குக் கருவேலம் போல நசுங்காத கன மரம் வேண்டும். சீமைக் கருவேலமும் தாங்கும், ஆனால் நேரான நீளத் துண்டு கிடைப்பது அபூர்வம். வயிற்று மரம் சுமார்தான் என்றால் முதுகுப் பக்கத்தை மட்டும் ஒடுக்குங்கள்: வயிறு 3 செ.மீ. அகலம் என்றால் முதுகு 2.4 செ.மீ. போதும்.

அறுத்த பலகையிலிருந்து பட்டை எடுப்பவர்கள் மேற்பரப்பின் கோடுகளை நம்பிவிடுவார்கள். வெட்டி எறியும் துண்டை உளியால் பிளந்து பாருங்கள். பிளவு போகும் திசைதான் இழையின் திசை. பிளக்கத் துண்டு இல்லையா? இழைத்த பரப்பில் ஒரு சொட்டு பேனா மை வையுங்கள், இழை வழியே கசியும். ஒரு முழத்துக்குள் இழை பட்டையின் ஓரத்தைத் தாண்டி வெளியேறினால் அந்தப் பலகை வேண்டாம்.

கத்திரி வெயிலில் காயப்போட்டால் சீக்கிரம் உலரும் என்பதும் தப்புக் கணக்கு. மேல்பக்கம் முந்திக் காய்ந்து வெடிக்கும். காற்றோட்டமான நிழலில் வைத்து வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் ஒட்டலாம். ஈரம் மிச்சமிருந்தால் நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்ந்த மரமும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒட்டும் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.