குல்மார்க்கில் காத்தடிக்கிற அன்னைக்கு

மன்னார்குடியிலேர்ந்து காஷ்மீர் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குக்குக் கிளம்புறீங்களா தம்பி? ஆடிக்காத்துல சைக்கிள் மிதிச்ச தைரியம் அங்க செல்லாது. மைனஸ் 10 டிகிரியில 40 கி.மீ. வேகத்துல காத்தடிச்சா, தோலுக்கு மைனஸ் 21 மாதிரி உறைக்கும்.

பருத்தி பனியனை வீட்டுலயே வெச்சிடுங்க. வேர்வையில நனைஞ்சா காயவே காயாது. உள்ளே கம்பளி, மேலே காத்து புகாத ஜாக்கெட். ஹெல்மெட்டுக்குள்ள நான் மங்கி குல்லாதான் போட்டேன், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். கண்ணுக்கு காகிள்ஸ், கூலிங் கிளாஸ் போதாது.

காலையிலயே கொண்டோலா, அதான் மேலே ஏத்திவிடுற கேபிள் கார், ரெண்டாம் கட்டம் ஓடுதான்னு கேளுங்க. அது போற அஃபர்வத் மலைப் பக்கம் காத்து பலத்தா நிறுத்திடுவாங்க. கவுன்டர்ல சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. மரம் சூழ்ந்த கீழ்ச்சரிவுல சறுக்குங்க, காத்து மட்டுப்படும். காத்து எதிர்கொள்ற பக்கம் பனி பறந்து வெறும் ஐஸா கிடக்கும், வேகத்தைக் குறைங்க. மறுபக்கம் குவிஞ்ச புதுப்பனி ஆசை காட்டும். பனிச்சரிவு கிளம்புறதும் அங்கதான். எல்லைக் கயிறைத் தாண்டாதீங்க.