ஊர்காவற்றுறையிலிருந்து பருத்தித்துறைக்கு: நீண்ட வள்ளப் பயணத்தின் முதல் மூன்று நாள்கள்

யாழ்ப்பாணக் கரையோரமாக ஒரு கிழமைக்கு மேல் வள்ளத்தில் போக நினைப்பவர்கள் முதல் மூன்று நாள்களைச் சோதனைக்கென்றே ஒதுக்க வேண்டும். எஞ்சின் கோளாறும் எரிபொருள் கணக்குப் பிழையும் அப்போதுதான் வெளிப்படும். அந்த நேரத்தில் கரை கிட்ட இருப்பது நல்லது. இங்கே சொல்வது 18 அடி பைபர் வள்ளம், 15 குதிரைவலு எஞ்சின், மூன்று பேர் என்ற கணக்கில். காலம் பங்குனி, சித்திரை. ஐப்பசிக்குப் பிறகு வாடை என்னும் வடகாற்று வடகரையில் நேரே வந்து மோதும். புதியவர்கள் அப்போது இறங்கவே கூடாது.

முதல் நாள்: ஊர்காவற்றுறையை விட்டுப் போகாதீர்கள்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலான ஒதுக்கான கடலே சோதனைக்குப் போதும்.

1. பெற்றோலில் 2ரி (இரண்டு வீச்சு எஞ்சின்) எண்ணெய் கலக்கும் எஞ்சினுக்கு வழமையான அளவு 50க்கு 1. அதாவது 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். உங்கள் எஞ்சினின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். எண்ணெய் குறைந்தால் பிஸ்ரன் இறுகும், கூடினால் பிளக் கரிபிடிக்கும்.

2. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பக்கத்தால் குளிர்விக்கும் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். இடையில் நின்றால் பெரும்பாலும் சாதாழை (கடற்புல்) உறிஞ்சுவாயை அடைத்திருக்கும். உடனே நிறுத்தி, எஞ்சினைத் தூக்கித் துடையுங்கள். 'கொஞ்சத் தூரந்தானே' என்று ஓட்டினால் எஞ்சின் சூடேறிக் கெடும்.

3. தாங்கியை நிரப்பி, முழுச் சாமானும் ஆள்களும் ஏற்றி, நீங்கள் வழமையாக ஓட்டப்போகும் வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடுங்கள். பிறகு திரும்ப நிரப்ப எத்தனை லீற்றர் பிடித்தது என்று எழுதுங்கள். வெறும் வள்ளத்தில் எடுத்த கணக்கு உதவாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு கொண்டுபோங்கள்.

4. மண்ணெண்ணெய் எஞ்சின் என்றால் பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின் மாற்றுங்கள். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்கு வாருங்கள். மறந்தால் காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த நாள் காலை எஞ்சின் அடம்பிடிக்கும்.

பின்னேரம் கடற்படைக் காவலரணிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் உங்கள் பாதையைச் சொல்லுங்கள். அனுமதி வேண்டுமென்றால் அது கிடைத்த பிறகுதான் புறப்பாடு. குடிதண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லீற்றர். புழுக்கொடியலும் தட்டைவடையும் பல நாள் கெடாது.

இரண்டாம் நாள்: மயிலிட்டி வரை

ஏறத்தாழ 30 கிலோமீற்றர். விடிந்ததும் புறப்பட்டு, பத்து மணிக்குள் சேருங்கள். வெளிச்சம் வராமல் களப்புப் பக்கம் ஓடாதீர்கள். களங்கண்டி என்னும் மீன்பொறிக்கு நட்ட தடிகள் இருட்டில் தெரியா. காரைநகர் கோவளம் வெளிச்சவீட்டைக் கடந்ததும் கிழக்கே திரும்பி, கீரிமலை, காங்கேசன்துறை என்று கரையைக் கண்ணில் வைத்தே போங்கள்.

வடகரையில் புதியவர்களை ஏமாற்றுவது சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். கடல் நல்லாயிருக்கிறது என்றே தோன்றும். எஞ்சின் நின்றால் அதே காற்று உங்களை இந்திய-இலங்கைக் கடல் எல்லைப் பக்கமாகத் தள்ளும். சித்திரைக் கடைசியிலும் இக்காற்று முந்தி வரலாம். ஆகவே எஞ்சின் நின்றால் முதல் வேலை நங்கூரம், பிறகுதான் பிளக். இங்கே கரையோர ஆழம் குறைவு என்பதால் நங்கூரம் நிலத்தைப் பிடிக்கும். ஆழத்தைப்போல ஐந்து மடங்கு கயிறு விடுங்கள். 10 மீற்றர் ஆழத்துக்கு 50 மீற்றர். அடி முருகைக்கல் (பவளப்பாறை) என்றால் நங்கூரம் சிக்கும். அதன் அடிப்பக்கத்தில் இன்னொரு மெல்லிய கயிற்றைக் கட்டி மிதவையோடு விட்டால், எதிர்ப்பக்கமாக இழுத்துக் கழற்றலாம்.

மயிலிட்டித் துறைமுகத்தில் கட்டியதும் எஞ்சினை நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். களைப்பில் எல்லாரும் தவிர்க்கும் வேலை இதுதான்.

மூன்றாம் நாள்: பருத்தித்துறை

18 கிலோமீற்றர் அளவு. தூரம் சிறிது, கரையேறுவதுதான் கடினம். வல்வெட்டித்துறையிலிருந்து பருத்தித்துறை வரை பல இடங்களில் முருகைப் பார் கரையை ஒட்டியே கிடக்கிறது. அதில் வெட்டிய வான் என்னும் ஒடுங்கிய வாய்க்கால் வழியாகத்தான் உள்ளே வரலாம். அந்த ஊர் வள்ளம் ஒன்று நுழைவதைப் பார்த்து, அதே கோட்டைப் பிடியுங்கள். பெரிய அலைகள் சில சேர்ந்து வரும். அவை போகும்வரை வெளியே நின்று, கடைசி அலையின் முதுகில் உள்ளே வாருங்கள். அலையை முந்தினால் அணியம் (வள்ளத்தின் முன்பக்கம்) குத்தும். பின்தங்கினால் அடுத்த அலை வள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் புரட்டும்.

பருத்தித்துறையில் ஒரு நாள் தங்கி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கயிறுகளில் தேய்வு தேடுங்கள். முனையைத் தாண்டி மணற்காடு, நாகர்கோவில், வெற்றிலைக்கேணிப் பக்கம் போனால் ஒதுக்கே இல்லாத மணற்கரை, வங்கக் கடலின் நேரலை. அங்கே மணலைக் கிழித்துப் பிடிக்கும் நங்கூரம் வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் காற்று மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் என்றிருந்தாலோ, வானின் வாயில் நுரை அடங்காமல் உடைந்தாலோ, வள்ளத்தைக் கட்டியபடியே இன்னும் ஒரு நாள் இருங்கள்.